நர்சிங் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்களா? வீட்டில் செய்யவேண்டிய வேலைகள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டில் போன் ஓயாது. மார்க் எவ்வளவு, அடுத்து என்ன என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பி.எஸ்ஸி. நர்சிங் என்று முடிவெடுத்த வீடுகளில் மார்க் பற்றிய கவலை ஒரு பக்கம் இருக்கட்டும். அலைச்சல் எல்லாம் பேப்பர்களால்தான் வருகிறது. அதில் பாதியை ரிசல்ட் வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்தபடி முடித்துவிடலாம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் ஊர்ப் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

1. பல்கலைக்கழகப் படிப்பு என்றதும் கிண்டிக்குக் கிளம்பிவிடாதீர்கள். கல்லூரிகளுக்கு இணைப்பு கொடுப்பது, பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது எல்லாம் கிண்டி அண்ணா சாலையில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். ஆனால் அரசு நர்சிங் கல்லூரி இடங்களையும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் நிரப்புவது வேறு அலுவலகம். அது மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு. கீழ்ப்பாக்கத்தில், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை 162-ஆம் எண்ணில் இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில்தான். நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி, ரேடியாலஜி போன்ற துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம் என்பதால், நர்சிங்குக்கு என்று தனி ஃபாரம் தேடி அலைய வேண்டாம். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வேண்டுமானால் அந்தக் கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். போரூர் ராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் ஃபாரம், அவரவர் கடைசித் தேதி.

2. நீட் வேண்டுமா? தமிழக அரசின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நர்சிங்குக்கு ரேங்க் பட்டியல் போட்டு வந்திருக்கிறது. ஆனால் புதுச்சேரி ஜிப்மரிலும், ராணுவ நர்சிங் சேவையின் கல்லூரிகளிலும் பி.எஸ்ஸி. நர்சிங் சேர நீட் மதிப்பெண் தேவை. ராணுவக் கல்லூரிகள் பெண்களுக்கு மட்டும். எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம். பிள்ளைக்கு இவற்றில் ஏதாவது ஒன்றில் கண் இருந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். நீட் விண்ணப்பத் தேதி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காது.

3. இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) மூன்றும் படித்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். சீக்கிரமே பள்ளியில் சேர்த்துவிட்ட குழந்தை என்றால் பிறந்த தேதியை முதலில் பாருங்கள்.

4. இனி வருவது முக்கியமான வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைனிங் டேபிளைத் துடைத்துவிட்டு, பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்புங்கள். பெயரை மட்டும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. 'லட்சுமி' ஆங்கிலத்தில் ஒன்றில் எக்ஸ் போட்டும் இன்னொன்றில் கே.எஸ்.ஹெச். போட்டும் எழுதப்பட்டிருக்கும். அப்பாவின் பெயர் 'சுந்தர்' என்று ஒன்றில், 'சுந்தரராஜன்' என்று இன்னொன்றில். நம் ஊரில் இது சகஜம்தான், ஆனால் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இரண்டு பேர்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குத் தக்கபடி திருத்துங்கள். ஆதாரைத் திருத்துவது சுலபம், மார்க் ஷீட்டைத் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். இன்னொன்றும் இருக்கிறது. பாஸ்போர்ட், நர்சிங் கவுன்சில் பதிவு, நாளைக்கு லண்டனிலோ துபாயிலோ வேலை என எல்லாமே இந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டு வரும். நர்சிங் படித்தவர்கள் வெளிநாடு போவது அதிகம் என்பதால், வேறு எந்தப் படிப்பைவிடவும் இதில் பெயர் விஷயத்தில் கறாராக இருப்பது நல்லது.

5. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையம்தான். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேஜை மேஜையாக நகரும். ஜூன் மாதம் ஊரே அங்கே நிற்கும், அதனால் பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். தி.நகர்க்காரர்களுக்கு மாம்பலம் வட்டம், மயிலாப்பூர்க்காரர்களுக்கு மயிலாப்பூர் வட்டம். அடையாறு பக்கம் இருப்பவர்கள் தங்கள் தெரு எந்த வட்டத்தில் வருகிறது என்று இ-சேவை மையத்திலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு விண்ணப்பியுங்கள். தப்பான வட்டத்துக்குப் போன மனு திரும்பி வரும்போது பாதி மாதம் போயிருக்கும்.

வாடகை வீடு மாறியவர்கள் ரேஷன் கார்டு விலாசத்தை முதலில் மாற்ற வேண்டும். மற்ற சான்றிதழ்களுக்கு விலாச ஆதாரமாக அதைக் கேட்பார்கள்.

6. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வருடம் வெளி மாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் இல்லாமல் காரியம் நடக்காது. அப்பாவுக்கு மாற்றல் வந்து இரண்டு வருடம் பெங்களூரிலோ மும்பையிலோ இருந்துவிட்டு வந்த குடும்பங்கள் அடையாறில் அதிகம். அவர்கள் கவனிக்கவேண்டிய குறிப்பு இது.

7. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு வேலை. மாநில பாடத்திட்டம் அல்லாத வேறு போர்டில் படித்தவர்கள் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆக, கிண்டிக்குப் போகவேண்டியது இதற்குத்தான். மைக்ரேஷன் சர்டிபிகேட்டையும் பள்ளியில் டி.சி. வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஆன்லைன் ஃபாரத்தில் அம்மா அல்லது அப்பா, யாராவது ஒருவருடைய நம்பரைக் கொடுங்கள், நான்கு மாதத்துக்கு அந்த சிம்மை மாற்றாதீர்கள். ஓ.டி.பி., ரேங்க், கவுன்சலிங் தேதி எல்லாம் அதில்தான் வரும். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் கடைக்காரரின் மின்னஞ்சலைப் போடவிடாதீர்கள். பாவம், அவர் உதவிதான் செய்கிறார், ஆனால் நாளைக்கு பாஸ்வேர்டு கேட்க அவர் கடை திறக்கும்வரை நிற்கவேண்டும். கட்டணம் கட்டிய ரசீதையும் அப்ளிகேஷனையும் பி.டி.எஃப். ஆக எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

9. "நர்ஸ் வேலையா? ராத்திரி ட்யூட்டி இருக்குமே!" என்று பெரியம்மா ஆரம்பிப்பார். இருக்கும்தான், மறைக்க வேண்டாம். சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது என்றும், வேலூரில் பட்டப்படிப்பு 1946-லேயே வந்துவிட்டது என்றும் சொல்லிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், அவருக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தபோது பக்கத்தில் இருந்து நடக்கவைத்தது யார் என்று நினைவுபடுத்துங்கள். இந்த வாதத்துக்குப் பதில் சொன்ன பெரியம்மாவை நான் பார்த்ததில்லை.

10. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். நர்சிங் கல்லூரியின் உண்மையான வகுப்பறை வார்டுதான். பி.எஸ்ஸி. நர்சிங் நடத்தும் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு இருக்கவேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. படுக்கை இருந்தால் போதாது, அதில் நோயாளி இருக்க வேண்டும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்மிஷன் அறையில் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரியின் ஓ.பி. வாசலில் அரை மணி நேரம் உட்காருங்கள். சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீளம், மருந்துக் கவுன்டரில் கூட்டம் இருக்கிறதா, பிரசவ வார்டுக்கு வெளியே உறவுக்காரர்கள் ஃபிளாஸ்க்கோடு நிற்கிறார்களா என்று பாருங்கள். கான்டீனில் ஒரு காபி சொல்லிவிட்டு யூனிபாரத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் பேச்சுக்கொடுங்கள். "எந்த ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங் போறீங்கம்மா? இந்த வருஷம் எத்தனை பிரசவம் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். மூன்றாம், நான்காம் வருட மாணவி டக்கென்று பதில் சொன்னால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம். திருதிருவென்று முழித்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். மனநலம், குழந்தைகள், சமூக நலம் இவற்றுக்கெல்லாம் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், வேன் கட்டணம் தனியா என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, சென்னை மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரி கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம் என்பேன். பொது மருத்துவமனையில் நோயாளிக்குப் பஞ்சமில்லை.

11. போக்குவரத்தையும் கணக்குப் பண்ணுங்கள். திருமயிலை, மந்தைவெளிப் பக்கத்தார் பறக்கும் ரயிலில் ஏறினால் பார்க் டவுனில் இறங்கிப் பொது மருத்துவமனைக்கு நடந்துவிடலாம். அதே ரயிலில் எதிர்த்திசையில் போய் திருவான்மியூரில் இறங்கினால் டைடல் பார்க் எதிரே வி.எச்.எஸ். மருத்துவமனை, அங்கே எம்.ஏ. சிதம்பரம் நர்சிங் கல்லூரி. செங்கல்பட்டு அரசுக் கல்லூரி கிடைத்தால் மாம்பலத்திலிருந்து நேர் மின்சார ரயில் இருக்கிறது. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வார்டு போஸ்டிங்கோ விடிந்ததும் ஆரம்பித்துவிடும். அங்கே ஹாஸ்டல்தான் நல்லது.

12. ஆயிரம் விளம்பரம் வரட்டும், கல்லூரியின் பெயரை மூன்று பட்டியலில் தேடுங்கள்: எம்.ஜி.ஆர். பல்கலைக்கழக இணைப்புப் பட்டியல், இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் பட்டியல். மூன்றாவது நம் பேட்டையிலேயே இருக்கிறது. மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில், ஜெயப்பிரகாஷ் நாராயணன் மாளிகை. 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த கவுன்சில் அது. தமிழ்நாட்டில் நர்சிங் முடித்த யாராக இருந்தாலும் இங்கே பதிந்தால்தான் பெயருக்குப் பக்கத்தில் பதிவு எண் கிடைக்கும். வெளி மாநிலக் கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்று ஏஜெண்ட் வந்தால், அங்கே படித்துவிட்டு வந்து சாந்தோமில் பதிய என்னென்ன வேண்டும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

13. ஆறு மாதத்தில் நர்ஸ், ஒரு வருடத்தில் நர்ஸ் என்று மாடிப்படி ஓரத்தில் போர்டு வைத்திருக்கும் பயிற்சிகள் நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு உதவலாம். அதை வைத்து நர்ஸ் என்று கவுன்சிலில் பதிய முடியாது. பட்டப்படிப்பு கிடைக்கவில்லை என்றால் நேர்வழி மூன்று வருட டிப்ளமோ. அதை முடித்துவிட்டு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்தால் பட்டம் வந்துவிடும். வருடம் ஒன்று கூடும், வேறு நஷ்டமில்லை.

14. பையன்களும் படிக்கலாம். சில கல்லூரிகள் பெண்களுக்கு மட்டும் என்பதால் ப்ராஸ்பெக்டஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.சி.யூ., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று எங்கு போனாலும் இப்போது ஆண் நர்ஸ்கள் உண்டு.

15. பண விஷயம். நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாத பணத்தைக் கொடுக்காதீர்கள். ட்யூஷன் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஹாஸ்டல், மெஸ், யூனிபாரம், வேன், பல்கலைக்கழகப் பரீட்சைக் கட்டணம் எல்லாவற்றையும் நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையனுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பணம் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். கல்விக் கடன் வேண்டுமானால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, பாஸ்புக் இருக்கும் கிளைக்கே போய் மேனேஜரைப் பாருங்கள். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை.

16. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஆரம்பித்துவிடலாம். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. குழந்தையாக இருக்கும்போதே போட்டிருந்தால் அந்தத் தடுப்பூசி அட்டையைப் பரணிலிருந்து எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி, ரத்தம் என்று புழங்கப் போகிற பிள்ளை என்பதால் கல்லூரியும் இதைக் கேட்கும். அம்மை வந்திருக்கிறதா, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் எழுதி வையுங்கள்.

17. கவுன்சலிங்கில் கல்லூரி சாய்ஸ் போடும்போது கிடைக்குமா கிடைக்காதா என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். பிடித்த வரிசையிலேயே போடுங்கள். அரசுக் கல்லூரிகள் முதலில், பிறகு நேரில் பார்த்து வந்த தனியார் கல்லூரிகள். பார்க்காத கல்லூரியைப் பட்டியலை நிரப்புவதற்காகப் போடாதீர்கள். அதுதான் கிடைத்துத் தொலைக்கும்.

18. துணை மருத்துவக் கவுன்சலிங் தொடங்குவதற்கு முன்பே கலைக் கல்லூரிகளில் வகுப்பு ஆரம்பித்துவிடும். கையில் ஒன்று இருக்கட்டும் என்று ராணி மேரிக் கல்லூரிக்கோ வேறு அரசுக் கல்லூரிக்கோ ஒரு பி.எஸ்ஸி. விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். சேர்ந்தால், டி.சி.யைத் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்று சேரும் அன்றே ஆபீஸில் கேட்டுவிடுங்கள். நர்சிங் அலாட்மென்ட் கையில் வந்தபின் அந்த டி.சி.க்காக அல்லாடுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

19. கீழ்ப்பாக்கத்துக்குக் கூப்பிட்டால் காரை எடுக்காதீர்கள். லஸ், பனகல் பார்க், அடையாறு என்று எங்கு பார்த்தாலும் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தி.நகரிலிருந்து ஏ.ஜி.-டி.எம்.எஸ்., அடையாறிலிருந்து சின்னமலை, எங்கே ஏறினாலும் சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஸ்டேஷனில் இறங்கலாம். மயிலாப்பூர்க்காரர்கள் பறக்கும் ரயிலில் பார்க் டவுன் வரை வந்து மெட்ரோ பிடிக்கலாம். பையில் தண்ணீர் பாட்டில், பேனா இரண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பத்து, பசைக்குச்சி ஒன்று. ஜெராக்ஸை வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே மூன்று செட் எடுத்துவிடுங்கள்.

20. ஒரிஜினல்களைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கலரில் ஸ்கேன் செய்து, டிஜிலாக்கரில் கிடைப்பதை அதிலும் ஏற்றி வையுங்கள். கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டால், என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியல் எழுதி சீல் போட்ட ரசீது வாங்குங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், பின்பக்க சீல் தெரியாது.

21. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை என்றால் சேரும்வரை இருக்கும் இரண்டு மாதத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை வாங்கிக் கொடுங்கள். அரசு இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கும். மனித உடல் பற்றிய பாடங்களைத் தமிழ்ப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் போதும். முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தெரிந்த விஷயத்தையே வேறு பெயரில் கேட்டுப் பிள்ளை பயந்துபோகக் கூடாது.

22. கல்லூரி கொடுக்கும் சாமான் பட்டியல் கைக்கு வரும்வரை ரங்கநாதன் தெருவுக்குப் போகாதீர்கள். யூனிபார்ம் நிறம், ஷூ நிறம் எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் அப்போதுதான் சரியான அளவில் இருக்கும், வார்டில் மணிக்கணக்காக நிற்கப் போகிற காலும் அதுதான். விரல் முழுக்க மூடிய, சத்தம் போடாத அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்க ஆசைப்படும் மாமாவிடம், நாடி பார்க்க வேண்டும், அதனால் வினாடி முள் உள்ளதாக, தண்ணீர் பட்டால் கெடாததாக வாங்கச் சொல்லுங்கள்.